முப்பது மேற்கு

சாந்தா மரியா தீவில்
எனக்கு ஒதுக்கிய அறைக்கு ஜன்னல் கிடையாது.
அட்லாண்டிக்கில் பெரும்பங்கு என் பொறுப்பு;
பணிநேரத்தில்
ஒரு சொட்டு உப்புநீரைப் பார்த்ததில்லை.

ஜன்னலெல்லாம் கோபுரத்துக்கே.
அங்கே எர்மீனியு.
எட்டுப் பக்கமும் கண்ணாடி, கழுத்தில் பைனாகுலர்,
ஓடுதளத்தில் முயல் குறுக்கே போனாலும்
போன் போட்டுச் சொல்வான்.
வானொலி செத்துப்போன விமானத்துக்குக் காட்ட
அவனிடம் ஒரு விளக்குத் துப்பாக்கி உண்டு.
பச்சை என்றால் இறங்கு. சிவப்பு என்றால் சுற்று.
பதினோரு வருடமாக
அதைத் துடைத்து வைத்ததுதான் மிச்சம்.

ராடார் ஓர் எல்லை வரை நல்ல பிள்ளை.
கேட்கும், பதில் வரும்,
கேட்கும், பதில் வரும்,
புள்ளிக்குப் பக்கத்தில் பெயர், உயரம், வேகம்.
இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால்
பூமி குனிந்துகொள்கிறது
கதிர் நிமிர்ந்தே போய்விடுகிறது.
அதற்குப் பிறகு விமானம் என்பது
கொடுத்த வாக்கு.
'முப்பது மேற்கை இரண்டு பதினேழுக்குத் தொடுவேன்.'
நான் அதைக் காகிதப் பட்டையில் எழுதி
பலகையில் செருகுகிறேன்.
அந்தப் பட்டையின் மேல்
இருநூற்று நாற்பது பேர் தூங்குகிறார்கள்
காலணியைக் கழற்றிவிட்டு.

அக்டோபர் கடைசி.
ககாரு குஞ்சுகள் பொந்தை விட்டுக் கிளம்பும் காலம்.
கடலுக்குப் போகவேண்டியவை
தெருவிளக்கைக் கண்டு தெருவில் விழும்.
கோபுரத்தடியில் ஒன்று விழுந்தது என்று
எர்மீனியு அதை வாழைப்பழப் பெட்டியில் போட்டு
என் அறையில் வைத்துவிட்டுப் போனான்.
'உன் இருட்டுதான் அதற்கு நல்லது, ஸூல்மீரா.'

இரண்டு பதினேழு.
இரண்டு இருபது.
கராகஸிலிருந்து லிஸ்பன் போகிறவன் பேசவில்லை.
வானொலி நிலையத்தில் லுர்தெஷ்
நான்கு அலைவரிசையில் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.
எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல்
இரைச்சல் மட்டும்.

பின்னால் பத்து நிமிடத்தில் இன்னொருவன்;
கீழே குலுக்குகிறதாம், மேலே ஏற அனுமதி கேட்கிறான்.
முன்னால் போகிறவன் எங்கே என்று தெரியாமல்
யாரை அசைப்பது?
'பொறுங்கள்' என்கிறேன்.
ஒரு முழுக் கடலையும்
ஒரு சொல்லால் நிறுத்திவைத்திருக்கிறேன்.
பெட்டிக்குள் குஞ்சு அட்டையைப் பிறாண்டுகிறது.
சும்மா இரு என்று அதனிடம்தான் சொன்னேன்,
மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார்.

வயிற்றில் ஏதோ நடக்கும் இந்த நேரத்தில்
கையெழுத்து மட்டும் அழகாகிவிடுகிறது.
ஏனென்று தெரியாது.

இரண்டு முப்பத்தொன்று.
வடக்கே வேறு தடத்தில் போகும்
யாரோ ஒரு டச்சுக்காரக் குரல்:
'நீங்கள் தேடுகிறவர் எனக்குக் கேட்கிறார்.
தொலைவானொலி பழுதாம்.
முப்பது மேற்கை
இரண்டு பதினெட்டுக்கே கடந்துவிட்டாராம்.'

ஒரு நிமிடம்.
அவ்வளவுதான் அவன் தவறியது.
பதின்மூன்று நிமிடம் நான் தவறினேன்.
பட்டையில் எழுதினேன்: 0218.
பின்னால் வந்தவனை மேலே ஏற்றினேன்.
நன்றி என்றான், கொஞ்சம் கடுப்பாக.
லுர்தெஷ் மூக்கை உறிஞ்சுவது
திறந்திருந்த ஒலிவாங்கியில் கேட்டது.

பணி முடிந்து
பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறை விளிம்புக்குப் போனேன்.
மூடியைத் திறந்ததும் விரலைக் கடித்தது.
நல்ல கடி, ரத்தம் வந்தது.
பிறகு வாத்துபோல் நாலடி நடந்து
புல்லில் உட்கார்ந்துகொண்டது.
கடல் இருந்தது கீழே, மொத்தமும்,
எண்ணே இல்லாமல்.

கைக்குட்டையைச் சுற்றிவிட்டு நிமிர்ந்தால்
புல் மட்டும்.
பறந்ததா விழுந்ததா பார்க்கவில்லை.
கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது:
ஆறு ஐம்பத்திரண்டு.

யாரிடம் சொல்ல?